காது கேளா இளைஞரின் அயல்நாட்டுக் கல்வித் தொண்டு: செராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி

வினாவும் அதன் எல்லையும்

காது கேளாத ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ தன் வீட்டையும் தாய்நாட்டையும் விட்டுப் புறப்பட்டு, முன்பின் அறியாத தேசமொன்றில் ஊதியம் கருதாமல் தங்கி, அங்குள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட முன்வந்தால், அச்செய்தியைக் கேட்பவர்கள் முதலில் வியப்படைகிறார்கள். அடுத்து இரக்கம் கொள்கிறார்கள். அதற்குப் பின்னரே, அதுவும் ஒரு சிலரே, அத்தொண்டினால் அக்குழந்தைகளுக்கு விளையும் நன்மை யாது என்று விசாரிக்கத் தலைப்படுகிறார்கள். வியப்பும் இரக்கமும் மனித சுபாவத்துக்கு உரியவையே எனினும், ஒரு பிரச்சினையின் தன்மையை அறிவதற்கு அவை துணை செய்வதில்லை. ஆகவே, பலரும் கடைசியில் கேட்கும் அந்தக் கேள்வியை முதலில் வைத்து, குழந்தைக்கு என்ன பயன், தொண்டு செய்பவருக்கு என்ன பயன், அவரை வரவேற்கும் நாட்டின் காது கேளாதோர் சமுதாயத்துக்கு அதனால் ஆக்கமா கேடா என்று வரிசையாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்கு மலேசியாவில் கோலாலம்பூரின் செராஸ் வட்டாரம் மிகப் பொருத்தமான இடமாகும். பண்டார் துன் ரசாக்கில் ஜாலான் யாக்கோப் லத்திப் என்னும் ஒரே சாலையில், சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நாடெங்கும் அனுப்பி வந்திருக்கும் இல்மு காஸ் ஆசிரியர் கல்விக் கழகமும், 1995 ஆம் ஆண்டிலேயே காக்ளியர் உள்வைப்புச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கிய மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும், செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் அமைந்திருக்கின்றன. காது கேளாக் குழந்தைக்கு வைத்தியமும் வித்தையும் அளிக்கவேண்டிய இரு பெருந்துறைகளும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்கும் இடம் இந்நாட்டில் அரிது. ஆனால் அக்குழந்தைக்கு மூன்றாவதாக ஒரு துணையும் வேண்டும். அது, அதே குறையோடு பிறந்து, வளர்ந்து, படித்து, உழைத்து, கௌரவமாக வாழ்கின்ற பெரியவர் ஒருவரின் சகவாசம். அத்துணை கட்டடத்தினாலோ கருவியினாலோ கிடைப்பதன்று. அதனை நாடும் பெற்றோர், பிரிக்பீல்ட்ஸில் காது கேளாதோர் கூடுகின்ற ஒய்.எம்.சி.ஏ. போன்ற இடங்களைத் தேடிச் செல்லவேண்டியவர்களாய் இருக்கிறார்கள்.

இந்த மூன்றாவது துணையை அளிப்பதில் அயல்நாட்டிலிருந்து வரும் காது கேளா இளைஞருக்கு இடமுண்டா என்றால், உண்டு என்பதே என் துணிபு. ஆயினும் அவர் ஆசிரியராக நிற்பதற்குமுன் மாணவராக அமரவேண்டும். உள்ளூர்க் காது கேளாதவரின் இடத்தைத் தாம் நிரப்பிக்கொள்ளாமல், அவருக்கு ஓர் இடத்தை உண்டாக்கிவிட்டுப் போகவேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறாத தொண்டு, எவ்வளவு தூய எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், குழந்தைகளுக்கு முழுமையாகப் பயன்படாது என்பதைச் சரித்திரமே காட்டுகிறது.

கடல் கடந்த உபாத்தியாயர்கள்

காது கேளாதவர் ஒருவர் பிறநாடு சென்று கற்பிப்பது இக்காலத்து இளைஞர் இயக்கங்கள் கண்ட புதுமையென்று எண்ணுவோர் உளர். உண்மையில், உலகின் பல நாடுகளில் காது கேளாதோர் கல்விக்கு அடிக்கல் நாட்டியவர்களே அத்தகையோர்தாம். பாரிஸ் நகரப் பள்ளியில் மாணவராகப் பயின்று அங்கேயே ஆசிரியராக உயர்ந்த லோரான் க்ளெர், தாமஸ் கேலடெட் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் அழைப்பை ஏற்று, 1816 இல், தம் முப்பதாம் வயதில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார். கப்பலில் அவர் கேலடெட்டுக்குச் சைகை மொழியைப் புகட்ட, கேலடெட் அவருக்கு ஆங்கிலம் புகட்டினார். 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்போர்ட் நகரில் அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றளவும் நடைபெறுகிறது. மூன்றாண்டு தங்குவதாக ஒப்புக்கொண்டு போன க்ளெர், 1869 இல் மறையும்வரை அந்நாட்டையே தம் கர்மபூமியாக்கிக் கொண்டார்.

அவருக்குப் பின் ஹுவே என்னும் காது கேளாத பிரெஞ்சுக்காரர் பிரேசிலுக்குச் சென்று, 1857 இல் ரியோ டி ஜனீரோவில் ஒரு பள்ளியை ஸ்தாபித்தார். 1860 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய தாமஸ் பாட்டிசனும், மெல்பர்னில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய பிரெடரிக் ரோஸும் தனித்தனியே பள்ளிகளைத் தொடங்கினார்கள். இருவருமே காது கேளாதவர்கள்.

இவ்வளவு உன்னதமாகத் தொடங்கிய பரம்பரை ஏன் அறுந்தது என்று கேட்டால், அதற்கு விடை 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில் இருக்கிறது. பெரும்பாலும் கேட்கும் ஆசிரியர்களே அமர்ந்திருந்த அச்சபை, காது கேளாக் குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சின் மூலமே கல்வி அளிக்கவேண்டும், சைகையை விலக்கவேண்டும் என்று தீர்மானித்தது. வாய்ப்பேச்சே கல்வியென்று ஆனபின், வாய்ப்பேச்சைக் கேட்டுத் திருத்த இயலாத காது கேளா உபாத்தியாயருக்கு வகுப்பறையில் இடமேது? பல தேசங்களில் அவர்கள் பள்ளிகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அத்தீர்மானத்தின் தீங்கை ஒப்புக்கொண்டு, அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவிப்பதற்கு 2010 ஆம் ஆண்டின் வான்கூவர் மாநாடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அறுந்த பரம்பரையை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் இழைத்தவர்களுள் தலையாயவர் ஆண்ட்ரூ பாஸ்டர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1925 இல் பிறந்து, பதினோராம் வயதில் மூளைச்சவ்வுக் காய்ச்சலால் செவித்திறனை இழந்த இந்தக் கறுப்பினத்தவர், 1954 இல் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற சிறப்போடு வெளிவந்து, 1957 இல் கானா நாட்டில் ஒரு பள்ளியைத் திறந்தார். 1987 இல் ருவாண்டாவில் விமான விபத்தில் உயிர் துறப்பதற்குள் ஆப்பிரிக்காவின் 13 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை உருவாக்கினார். நமக்கு அண்மையிலுள்ள உதாரணமும் ஒன்றுண்டு. ஷாங்காயில் பிறந்து, சிறு வயதிலேயே செவித்திறன் இழந்த பெங் சூ யிங் என்பவர் சிங்கப்பூருக்கு வந்து, 1954 இல் சைகை மொழியில் கற்பிக்கும் பள்ளியொன்றைத் தம் மனைவியுடன் தொடங்கினார். இன்று சிங்கப்பூர்ச் சைகை மொழியில் ஷாங்காயின் சாயல் காணப்படுவது அவர் விட்டுச் சென்ற சுவடாகும்.

மலேசிய அனுபவம்

சிங்கப்பூரில் பெங் தம் பள்ளியைத் தொடங்கிய அதே 1954 ஆம் ஆண்டில், பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் கூட்டரசுக் காது கேளாதோர் பள்ளி நிறுவப்பட்டது. அங்கே வாய்ப்பேச்சு முறையே கைக்கொள்ளப்பட்டது. ஆயினும் வகுப்பறையில் உதடுகளைப் பார்த்துப் பழகிய குழந்தைகள், வகுப்பு முடிந்ததும் தங்கள் கைகளாலேயே ஒரு பாஷையைப் படைத்துக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி என்று ஆராய்ச்சியாளர் குறிப்பிடுவது அதனையே. கற்பிக்க ஒருவரும் இன்றியும் குழந்தைகளிடையே மொழி தானே முளைக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் கேலடெட் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய பிரான்சிஸ் பார்சன்ஸ் என்னும் காது கேளாத பெண்மணி, பேச்சு, சைகை, எழுத்து ஆகிய அனைத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் முழுத் தொடர்பு முறையைப் பிரசாரம் செய்தவாறு 1970-களில் உலகெங்கும் பிரயாணம் செய்தபோது மலேசியாவுக்கும் வந்தார். அவ்வாண்டுகளின் இறுதியில் இந்நாட்டுப் பள்ளிகள் அம்முறையை ஏற்றன. மலாய் இலக்கணத்தை அப்படியே கையால் காட்டும் குறியீட்டு முறையொன்றும் வகுக்கப்பட்டது. இங்கே தொண்டர் ஒருவரின் குரலுக்கு, அதிலும் தாமே காது கேளாதவராகிய ஒருவரின் வாக்குக்கு, எத்துணை வலிமை உண்டென்பதை நாம் காண்கிறோம். அதனோடு, அமெரிக்கச் சைகையின் செல்வாக்கு இந்நாட்டில் ஆழமாக வேரூன்றியதையும் காண்கிறோம். இந்நாட்டுக் காது கேளாதோர் தங்களுக்குள் இயல்பாக வளர்த்துக்கொண்ட மலேசியச் சைகை மொழிக்கு, அதாவது பாஹாசா இஷாராத் மலேசியாவுக்கு, மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 இல் இயற்றப்பட்டபோதுதான் அதிகாரபூர்வமான அங்கீகாரம் கிடைத்தது. 2010 இல் மலேசியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் ஏற்றுறுதி செய்தது.

அயல்நாட்டுத் தொண்டர்களும் இம்மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். பிரிட்டனில் 1958 இல் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. இயக்கம் தன் முதல் இளைஞர்களை அனுப்பிய இடங்களுள் சரவாக்கும் ஒன்று. அமெரிக்க அமைதிப் படையினர் 1962 முதல் 1983 வரை இங்கே பணியாற்றினர். ஜப்பானிய இளந்தொண்டர்கள் 1966 முதல் வந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸோ, 1951 இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் உறைவிடமாக, வெண்கோலை ஊன்றி நடப்பவரும் கைகளால் உரையாடுபவரும் கடைத்தெருவில் சகஜமாகக் கலந்து வாழும் இடமாக நெடுங்காலம் விளங்கி வருகிறது. ஆகவே, தொண்டரை வரவேற்கும் பழக்கமும், மாற்றுத்திறனாளிகள் ஒன்றுகூடும் இடமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்பே இருக்கின்றன. காது கேளாத் தொண்டரைக் காது கேளாக் குழந்தையிடம் முறையாகக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் இன்னும் திருத்தமாக அமையவில்லை.

குழந்தைக்கு வாய்க்கும் நன்மை

காது கேளாக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது அமெரிக்க ஆய்வுகள் உறுதிப்படுத்திய உண்மை. இதன் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திப்பதில்லை. தமிழ்க் குழந்தை தமிழ் பேசும் வீட்டில் பிறக்கிறது. பசித்து அழும்போதே அதன் செவியில் மொழி விழுகிறது. காது கேளாக் குழந்தையோ தன் மொழியை அறியாதவர் வீட்டில் பிறக்கிறது. அதன் தாய்க்கே அம்மொழி தெரியாது.

செராஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தீபாவளியன்று நான் கண்டதைக் கூறுகிறேன். கூடத்தில் உறவினர் பதினைந்து பேர் அமர்ந்து, முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் மடக்கிச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பெண்ணொருத்தி, பேசுகிறவர் முகத்தை நோக்கித் திரும்புவதற்குள் பேச்சு வேறொருவரிடம் தாவிவிட, அவர் முகத்துக்குத் திரும்புவதற்குள் சிரிப்பு எழ, மற்றவர் சிரிப்பதைக் கண்டு தானும் சிரித்து, பின்னர் தாயின் முந்தானையை இழுத்து என்னவென்று கேட்டாள். “அப்புறம் சொல்றேன்” என்று தாய் கையசைத்தாள். அந்தத் தாய் அன்பில் குறைந்தவள் அல்லள். ஆனால் அந்த ‘அப்புறம்’ அன்று மாலை வரை வரவில்லை. பாட்டிக்கோ தமிழன்றி வேறு எழுத்துத் தெரியாது. பெண்ணுக்கோ பள்ளியில் கற்ற மலாயும் கைமொழியும் தவிர வேறு தெரியாது. ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்துக்கொண்டு, ஒரு கதைகூடப் பகிர்ந்துகொள்ள வழியின்றி வாழ்கிறார்கள்.

இத்தகைய குழந்தை, காது கேளாத பெரியவரை ஒருமுறையேனும் நேரில் காணாமலே பல ஆண்டுகள் வளர்கிறது. பெரியவர்களில் தன்னைப் போன்றவர் எவரையும் காணாத அக்குழந்தை, வளர்ந்தபின் தனக்கும் காது கேட்டுவிடும் என்றோ, தன்னைப் போன்றோர் வளரும்வரை உயிரோடிருப்பதில்லை என்றோ தானாகவே முடிவு கட்டிக்கொள்வதைப் பல தேசத்து ஆசிரியர்களும் காது கேளாதோரும் எடுத்துரைத்திருக்கிறார்கள். அக்குழந்தையின் முன்னே, காது கேளாத ஓர் இளம்பெண் தனியாக விமானமேறி வந்து, கையால் கதை சொல்லி, தன் பட்டப் படிப்பையும் தன் நாட்டையும் தன் தாய் தந்தையரையும்பற்றி விளக்குவாளாயின், ஆயிரம் புத்திமதிகள் செய்யமாட்டாத ஒன்றை அவள் வருகை செய்துவிடுகிறது. எதிர்காலம் என்று ஒன்று தனக்கும் உண்டு என்பது அக்குழந்தைக்குப் பிரத்தியட்சமாகிறது.

கற்பிக்கும் முறையிலும் அவளுக்குச் சில தேர்ச்சிகள் இயல்பாக அமைந்திருக்கின்றன. சன்னலின் வெளிச்சம் தன் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் முகம் இருண்டு சைகை தெளியாது என்பதால் அவள் இடம் மாறி நிற்கிறாள். குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் காணுமாறு பிறைவடிவில் அமர்த்துகிறாள். அனைவரின் கவனத்தையும் ஈர்க்க விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுகிறாள். படத்தைக் காட்டும்போது கையால் பேசாமல், குழந்தை படத்தைப் பார்த்து முடித்துத் தன்னை நோக்கும் வரை பொறுத்திருந்து பின்னரே பேசுகிறாள். காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் படம் பார்க்கும் வசதி அக்குழந்தைக்கு இல்லை என்பதைக் கேட்கும் ஆசிரியர் பயிற்சியில் கற்றாலும் அவசரத்தில் மறந்துவிடக்கூடும். அவளால் மறக்கவே முடியாது.

இந்நன்மை காது கேளாக் குழந்தைகளோடு நின்றுவிடுவதுமில்லை. டவுன் நோய்க்குறியோ மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உடைய குழந்தைகளில் பேச்சு வராதவர்க்கும் தாமதமாக வருபவர்க்கும் சைகை பேருதவி புரிகிறது. இன்று பல நாடுகளில் வழங்கும் மக்காட்டன் என்னும் முறை, 1970-களில் இங்கிலாந்தில் அறிவுவளர்ச்சி குன்றிய காது கேளாதவர்களுக்காக மார்கரெட் வாக்கர் தொடங்கிய முயற்சியிலிருந்தே தோன்றியது. முகபாவத்தையும் உடலசைவையும் பிறவி முதல் மொழியாகவே கையாண்டு பழகிய ஒருவர், பேசாத குழந்தையின் கண்சிமிட்டலில் ஒரு வேண்டுகோளைக் கண்டுகொள்வதில் வல்லவராயிருப்பது இயல்பே.

தொண்டருக்கு வாய்க்கும் பயனும் தடைகளும்

தொண்டு செய்பவர் அடையும் பயனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வாழ்நாளெல்லாம் உதவி பெறுபவராகவே பிறரால் கருதப்பட்ட ஒருவர், உதவி அளிப்பவராக நிமிர்ந்து நிற்பது அவர் ஆத்ம கௌரவத்துக்குப் பெரும் ஊக்கமாகும். டென்மார்க்கில் 2005 முதல் நடைபெறும் பிரண்ட்ரன்னர்ஸ் என்னும் பயிற்சி பல தேசத்துக் காது கேளா இளைஞர்களை ஒன்றுசேர்க்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறன் இளைஞர்களை ஜப்பானுக்கு அழைத்துப் பயிற்றுவிக்கும் டஸ்கின் திட்டம் 1999 முதல் நடந்துவருகிறது. அமெரிக்க அமைதிப் படையும் காது கேளாத் தொண்டர்களைக் கென்யா முதலிய நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, எந்நாட்டவராயினும் காது கேளாதோர் ஓரினம் என்னும் உணர்ச்சியாகும். பொதுமொழி இல்லாத இருவர் சந்தித்துச் சில நாழிகைக்குள் உரையாடத் தொடங்கிவிடுவது அவர்களுக்கு வாய்த்த அபூர்வமான திறமை. கேட்பவர்களாகிய நம்மால் அது ஆகாது.

தடைகளும் பல. முதல் தடை வீடு. பெண் தனியாகச் செல்வதற்கே ஆயிரம் யோசனை செய்யும் நம் குடும்பங்கள், காது கேளாத பெண் என்றால் வாசற்படியையே எல்லையாக்கி விடுகின்றன. இரண்டாவது, குடிநுழைவு விதிகள். தொண்டாயினும் அது பணியே. ஆகவே அழைக்கும் நிறுவனம் உரிய அனுமதியை முன்கூட்டியே பெற்றுத் தரவேண்டுமேயன்றி, சுற்றுலாப் பயணியாக வந்தவரை வகுப்பில் நிறுத்துவது முறையன்று. மூன்றாவது, மொழி. சைகை மொழி உலகெங்கும் ஒன்றே என்பது கேட்போரிடையே பரவியுள்ள தவறான எண்ணம். முந்நூறுக்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன என்பது உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்கு. சென்னையில் வளர்ந்த ஒருவர் இந்தியச் சைகை மொழியில் ஆங்கிலத்தின் ‘ஏ’ எழுத்தைக் காட்ட, வலக்கைச் சுட்டுவிரலால் இடக்கைக் கட்டைவிரல் நுனியைத் தொடுவார். கோலாலம்பூரிலோ ஒரே கையை முட்டியாக மடித்துக் கட்டைவிரலை அதன் பக்கத்தில் நிமிர்த்துவார்கள். ஓர் எழுத்திலேயே இரு கை ஒரு கையாகும்போது, இலக்கணமும் சொல்வளமும் எவ்வளவு வேறுபடும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆட்சேபங்கள்

இனி, இத்தொண்டின்மேல் சாட்டப்படும் குற்றங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் தலையாயது, வந்தவர் மொழி இருந்தவர் மொழியை விழுங்கிவிடும் என்பது. இது வெறும் அச்சமன்று. பாஸ்டரின் பள்ளிகள் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வாழ்வளித்தன; அதே பள்ளிகளின் மூலம் அமெரிக்கச் சைகை பரவிப் பல தேசங்களில் உள்ளூர்ச் சைகை மொழிகளை ஒதுக்கியதும் உண்மை. அவருடைய தியாகத்தை வணங்கிக்கொண்டே இவ்விளைவையும் நாம் சொல்லத்தான் வேண்டும். உள்ளூர் வழக்குகளை அறியாத தொண்டர் தம் மொழியையே கற்பித்துச் சென்றால், குழந்தை பள்ளியில் கற்றதைப் பிரிக்பீல்ட்ஸில் கூடும் பெரியவர்களிடம் பேச முடியாமல் தவிக்கும். அமலீஸ் குஸ்டர்ஸும் மிஷெல் பிரீட்னரும் தொகுத்து 2015 இல் வெளியான ஆராய்ச்சி நூலொன்று, நாம் அனைவரும் ஒன்றே என்னும் காது கேளாதோரின் உணர்ச்சிக்குள்ளும் செல்வநாட்டவர், ஏழைநாட்டவர் என்ற ஏற்றத்தாழ்வு புகுந்துவிடுவதை விரிவாக விவாதிக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம், சில வாரங்களே தங்கிச் செல்லும் தொண்டினைப் பற்றியது. பழகிய முகங்கள் மாறி மாறி மறைவதால் குழந்தைகள் அடையும் ஏக்கத்தை எடுத்துக்காட்டி, 2011 இல் கம்போடியாவில் குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர் என்னும் பிரசார இயக்கமே எழுந்தது. தன்னோடு பேசக்கூடியவர் வெகு சிலரே என்னும் நிலையிலுள்ள காது கேளாக் குழந்தைக்கு அப்பிரிவு இரட்டிப்புத் துயரமாகும். மூன்றாவது, பாதுகாப்பு. தனக்கு நேர்ந்த தீங்கை எடுத்துச் சொல்லும் மொழி இல்லாத குழந்தையே தீயோர்க்கு எளிய இரையாகிறது. மலேசியாவில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டது. தொண்டர் என்ற பெயரே நற்சான்றிதழ் ஆகிவிடாது. அவர் காது கேளாதவராயினும் கேட்பவராயினும் பின்புல விசாரணை அவசியம்.

நான்காவது ஆட்சேபத்தை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். செலவின்றி அயல்நாட்டவர் கிடைக்கும்போது, நிறுவனங்கள் உள்ளூர்க் காது கேளாதவரை ஊதியம் கொடுத்து நியமிக்க முன்வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24 ஆம் விதி, சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்கள் உட்பட, அரசுகள் நியமிக்கவேண்டுமென்று தெளிவாகக் கூறுகிறது. அக்கடமையை அயலாரின் தர்மசிந்தையைக் கொண்டு ஈடுசெய்துவிடலாம் என்று எந்த அரசும் கருதலாகாது. நாற்றங்காலுக்கு இரவல் நீர் பாய்ச்சலாம். அறுவடை வரைக்கும் இரவல் நீரை நம்பிப் பயிர் செய்பவன் விவசாயி ஆகமாட்டான்.

செய்யத்தக்கது யாது

இவ்வாட்சேபங்களால் தொண்டே வேண்டாம் என்னும் முடிவு பெறப்படுவதில்லை. ஒழுங்கு வேண்டும் என்பதே பெறப்படுகிறது. வரும் இளைஞர் ஓராண்டுக்குக் குறையாமல் தங்கவேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்கள் வகுப்பறையில் நிற்காமல், உள்ளூர்க் காது கேளாதோர் சங்கத்தினிடம் மலேசியச் சைகை மொழியைக் கற்கவேண்டும். அதன்பின் தனியாக அன்றி, ஊதியம் பெறும் உள்ளூர்க் காது கேளா உதவியாசிரியர் ஒருவரோடு இணைந்தே கற்பிக்கவேண்டும். அவர் புறப்படும்போது அவ்வுதவியாசிரியர் தாமே வகுப்பை நடத்தும் தகுதி பெற்றிருக்கவேண்டும். இதுவே அவர் தொண்டின் வெற்றிக்கு உரைகல்.

நம் தமிழ்ச் சமுதாயம் இதில் இருவகையாலும் பங்கெடுக்க முடியும். இந்தியாவில் காது கேளாதோர் மேற்படிப்புப் பெறும் வாய்ப்பு விரிந்துவருகிறது. 2015 இல் தோன்றிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம், சைகை மொழி கற்பிக்கும் பட்டயப் படிப்பைக் காது கேளாதவர்களுக்கென்றே நடத்துகிறது. அவ்வாறு தேறிய தமிழகத்து இளைஞர் ஒருவர் செராஸுக்கு வந்தால், மலேசியத் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழெழுத்தைக் கண்வழியே அறிமுகம் செய்து, பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே ஒரு வரி எழுத்தையேனும் பாலமாக்க இயலும். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தொண்டரிடமும் எளிதில் கிடைக்காத வரம் அது. அவ்வாறே இங்குள்ள காது கேளாத் தமிழ் இளைஞர், பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பாளையங்கோட்டைப் பள்ளிக்கோ, மேரி சாப்மன் 1912 இல் தொடங்கிய இலங்கையின் இரத்மலானைப் பள்ளிக்கோ சென்று, கற்றும் கற்பித்தும் திரும்பலாம். பிறநாட்டு அம்மையார்கள் கடல் கடந்து வந்து தொடங்கிய பள்ளிகளுக்கு நம்மவரே, அதிலும் காது கேளாத நம்மவரே, தொண்டர்களாகச் செல்லும் காலம் வந்துவிட்டது.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளையும் எண்ணற்ற ஆலயங்களையும் இந்நாட்டில் நடத்திவரும் நம் மக்களுக்கு, ஞாயிறுதோறும் ஓர் ஆலய மண்டபத்தில் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் சைகை மொழி வகுப்பு நடத்துவது பெரிய காரியமன்று. அவ்வகுப்பை நடத்த, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் காது கேளாத ஒருவரை ஊதியம் தந்து அழையுங்கள். அயல்நாட்டுத் தொண்டர் வந்தால் அவரை அவ்வகுப்பின் பின்வரிசையில் அமர்த்தி, முதலில் கற்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் காது கேளாத மகனோ மகளோ இருந்து, பிறநாட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகவேண்டுமென்று கேட்டால், அனுப்பும் நிறுவனத்தின் நேர்மையையும் பாதுகாப்பையும் தீர விசாரித்துக்கொண்டு, தயங்காமல் அனுப்பி வையுங்கள்.